உலாத்தி என்ன குடி?

முதல் நாள், கல்லடி

தங்கச்சியின் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, தவணை விடுமுறைக்கு ஒரு ஒப்படை கொடுத்து விட்டிருக்கிறார்கள். காட்டில் வாழ்கிற, பார்த்தால் செடி மாதிரி இருக்கிற, ஆனால் முழுக்கச் செடி என்றும் சொல்ல முடியாத ஒரு உயிரினத்தைத் தானாகவே கற்பனை செய்து அதன் வாழ்க்கை வட்டத்தைக் கீறிக்கொண்டு போகவேண்டும். கீழே விஞ்ஞான ரீச்சர் சிவப்புப் பேனையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: ஒவ்வொரு பருவத்துக்கும் ஏன் என்று காரணம் எழுதுக. பிள்ளை மாட்டிக்கொண்டது இந்த வரியில்தான்.

பெயர் வைப்பதில் மட்டும் அவளுக்குக் கஷ்டமே இருக்கவில்லை. உலாத்தி. பின்னேரமானால் எழும்பி உலாத்தப் போகிற மரமாம். படமும் கீறி முடித்திருந்தாள். ஆறு கால், தலையில் வாழைக்குருத்து மாதிரி ஒன்று, நடுவில் ஒரே ஒரு கண். ஏன் ஆறு கால் என்றேன். “வடிவா இருக்கு மாமா.” நானும் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறவன், இந்தப் பதிலுக்கு எத்தனை புள்ளி விழும் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அம்மாவுக்கு வைகாசியில் ஒரு கண்ணில் ஒப்பரேசன் நடந்தது, இப்போது எதைக் கொடுத்தாலும் மூக்குக்கு முன்னால் பிடித்து, தூரப் பிடித்து, ஆசைதீரப் பார்க்கிறார். படத்தையும் அப்படியே பார்த்துவிட்டுக் கேட்டார், “நல்லாத்தான் இருக்கு மனே. இது என்ன குடி?”

வெளியூர் ஆட்களுக்காக ஒரு விளக்கம். மட்டக்களப்புப் பக்கத்தில் குடி என்பது தாய்வழி வருவது. அம்மா எந்தக் குடியோ பிள்ளைகள் அந்தக் குடி, தகப்பனின் குடி தகப்பனோடு நின்றுவிடும். ஒரே குடிக்குள் கலியாணம் பேசமாட்டார்கள். வீடு வளவு பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வருவார். இந்தக் கரையில் முஸ்லிம்களிடமும் இதே தாய்வழிக் குடி முறை இருக்கிறது. ஆகவே ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் அம்மாவின் முதல் கேள்வி இதுதான், மரம் என்றாலும் விதிவிலக்கில்லை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். கண் நல்லபடியாக வந்தால் உகந்தை முருகனுக்கு நேர்த்தி செய்வதாக அம்மா வேண்டியிருந்தார். காட்டுப் பாதையால் கதிர்காமத்துக்கு நடக்கிற சனம் எல்லாம் போய் முடியட்டும், ஆறுதலாகப் போவோம் என்று இழுத்தடித்து, நாளைக்கு வெள்ளாப்போடு வெளிக்கிடுகிறோம். தங்கச்சிக்கு லீவு இல்லை. நான், அம்மா, மருமகள், பக்கத்து வீட்டு வான்காரத் தம்பி, இவ்வளவு பேர்தான்.

பின்னேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். தெரிந்தவருடைய தோணியில் கண்டல் பற்றைக்குப் பக்கமாக ஒரு சுற்று. கண்டல் மரத்தில் முருங்கைக்காய் மாதிரிப் பச்சையாக நீட்டு நீட்டாய்த் தொங்கும் பாருங்கள், அதைக் காய் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காய் மேலே சின்னதாகத் தொப்பி மாதிரி இருப்பது. தொங்குவது பிள்ளை. விதை தாயின் கொப்பில் இருக்கும்போதே முளைத்து, காயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, பச்சை பிடித்து, மாதக்கணக்கில் தாயோடு தொங்கிப் பால் குடிக்கிறது என்றே சொல்லலாம். அலையடிக்கிற உப்புச் சேற்றில் சின்ன விதையைப் போட்டால் அது நிலைகொள்ளாது, ஆகவே வளர்த்து இறக்கிவிடுகிறது. விழும்போது ஈட்டி மாதிரிச் சேற்றில் குத்தி நிற்கும் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன், உண்மையில் நிறையப் பிள்ளைகள் தண்ணீரில் மிதந்துதான் போகின்றன. முதலில் படுத்தபடி மிதக்கும், போகப்போக அடி கனத்து நிமிரும், நிமிர்ந்தபடி கரை தட்டினால் வேர் விடும்.

“அப்ப இதுதான் உலாத்தியின்ட முதல் பருவம்” என்றாள். காரணமும் வந்துவிட்டது. தண்ணீரில் கிடந்த ஒன்றைத் தூக்கி வந்து முற்றத்து வாளியில் வாவித் தண்ணீரோடு போட்டிருக்கிறாள். எப்போது நிமிரும் என்று பார்க்கவாம்.

இருட்டுப்பட்ட பிறகு தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி, மற்ற நுனியில் காதை வைக்கச் சொன்னார். வாவியில் மீன் பாடுகிறது என்பது எங்கள் ஊருக்கே அடையாளமாகிவிட்ட கதை. பாடுவது மீன் இல்லை, ஊரி என்கிற நத்தை வகை என்று மீன்பிடிக்காரர் சொன்னதாகப் 19ஆம் நூற்றாண்டிலேயே எமர்சன் டெனன்ற் என்ற பிரித்தானிய அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கேட்டதாம்.


இரண்டாம் நாள், பொத்துவில்

விடிய நாலரைக்கு வெளிக்கிட்டோம். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, வழமையான பாதை. காரைதீவு வந்ததும் அம்மா விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் என்றார். ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் நாங்களும் ஓம் என்போம். அக்கரைப்பற்றில் பிளேன்ரீ. திருக்கோவிலில் சித்திரவேலாயுதரைக் கும்பிட்டுவிட்டுத் தயிர்ச்சட்டி இரண்டு வாங்கினோம்.

வழிநெடுக உலாத்திப் பேச்சுத்தான். விழுந்த பிள்ளை நடக்கவேண்டும் என்பதில் அவள் பிடிவாதம். மரம் நடக்காது புள்ள என்றால், இது மரம் இல்லையே என்கிறாள். அப்போதுதான் எனக்கு அந்த மஞ்சள் சாமான் ஞாபகம் வந்தது. மார்கழி மழையில் உக்கிய மாங்கட்டையில் மஞ்சளாக நுரை மாதிரி ஒன்று படர்ந்திருக்கும், நாய் கக்கிவிட்டது என்று அம்மா சாம்பல் அள்ளிக் கொட்டுவார். நாய் ஒரு பாவமும் செய்யவில்லை. அது சளிப்பூஞ்சணம், பெயரில் பூஞ்சணம் இருந்தாலும் பூஞ்சணமும் இல்லை, செடியும் இல்லை, விலங்கும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்குப் பரந்தாலும் ஒரே கலம், அதற்குள் கணக்கில்லாத கருக்கள். மணித்தியாலத்துக்குச் சில சென்ரிமீற்றர் ஊர்ந்து பக்ரீரியாவைத் தின்னும். வெயில் வந்தால் காய்ந்து பொருக்காகிக் கிடக்கும், நனைந்தால் திரும்ப எழும்பி நடக்கும். மூளை கிடையாது. ஆனாலும் 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் நக்காகாக்கி என்பவரின் குழு இதற்குச் சொந்தமான இன்னொரு சளிப்பூஞ்சணத்தைச் சிக்கல்பாதைக்குள் விட்டு, இரண்டு முனையிலும் சாப்பாடு வைத்தபோது, மிகக் குறுகிய வழியில் மட்டும் உடம்பை வைத்துக்கொண்டு மற்ற வழிகளிலிருந்து சுருங்கிக்கொண்டது. 2010இல் தோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்கள் இருக்கிற இடங்களில் ஓட்ஸ் வைத்தார்கள், அது போட்ட பாதை அங்கே இருக்கிற ரயில் பாதைக்குக் கிட்டத்தட்ட ஒத்து வந்தது.

“அக்கரைப்பற்றுக்கு ரயில் போட அதைக் கூப்பிடலாமே” என்றான் வான்காரத் தம்பி. கிழக்குக்கரை ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுவது அவனுக்குப் பழைய மனக்குறை.

ஆறு கால் அந்த இடத்திலேயே வெட்டுப்பட்டது. இரண்டாம் பருவம்: மஞ்சள், காலில்லை, ஊர்ந்து இடம் தேடும். காரணம்: விழுந்த இடத்திலேயே முளைக்கிற விதைக்கு அதிர்ஷ்டம் வேண்டும், உலாத்திக்கு வேண்டாம்.

கோமாரி தாண்டி ரயர் போனது. நல்லதாய்ப் போயிற்று, நின்ற இடத்தில் பனையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு ஆல். எங்கள் பக்கத்தில் இதைப் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். குருவி ஆலம்பழம் தின்று பனைமட்டையின் சந்தில் எச்சம் போட, அங்கே முளைத்து, வேரைக் கீழே இறக்கி, கடைசியில் பனையையே மூடிவிடும். பிள்ளை கீழே கிடந்த ஆலம்பழத்தைப் பிட்டாள். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பார்களே, ஆலும் அத்திக் குடும்பம்தான், உள்ளே சின்னச் சின்னக் குளவிகள். அத்தி பூத்தாற்போல என்று ஏன் சொல்கிறோம் என்றால் பூவை யாரும் காண்பதில்லை, காண்பதில்லை என்றால் பூக்கவில்லை என்று அர்த்தமில்லை, பழம் என்று நாங்கள் பிடிப்பதே உள்பக்கமாகப் பூத்த பூங்கொத்து. பெண் குளவி வாசலால் நெருக்கிக்கொண்டு உள்ளே போகும்போது செட்டை பிய்ந்துவிடும், திரும்பி வரமாட்டாது. மகரந்தத்தைப் போட்டு, முட்டையிட்டு, அங்கேயே சாகும். குஞ்சுகளில் ஆணுக்குச் செட்டையே இல்லை. கூடிவிட்டு, பெண்கள் வெளியேற ஓட்டை துளைத்துக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். பெண்கள் அந்த மரத்தின் மகரந்தத்தோடு பறந்து அடுத்த மரத்துக்குப் போகும்.

“ஆம்பிளை பிறந்த வீட்டை விட்டு வெளிக்கிடுறதே இல்லையா?” என்று அம்மா ஆச்சரியப்பட்டார். எங்கள் ஊர் முறைக்கு நேர்மாறு. அம்மாவுக்கு அந்தக் குளவியில் மரியாதை போய்விட்டது.

அந்த மரியாதையை யானை மீட்டுக் கொடுத்தது. பொத்துவிலில் சொந்தக்கார வீட்டில் சாப்பிட்டுக் கிடந்துவிட்டு, பின்னேரம் மொனராகலை றோட்டால் லாகுகலைக்குப் போனோம். 1980இல் தேசிய பூங்காவாக்கினார்கள், மொத்தமே 15.5 சதுர கிலோமீற்றர்தான், ஆனால் குளத்துக்குள் ‘பெரு’ என்று சிங்களத்தில் சொல்கிற புல் ஆளுயரத்துக்கு வளரும், கோடையில் தண்ணீர் வற்ற வற்ற யானை இறங்கும். றோட்டோரத்திலிருந்தே பதினேழு எண்ணினோம், குட்டியோடு. கூட்டமாக நிற்பது எல்லாம் தாயும் மகளும் பெரியம்மாவும் சின்னம்மாவும்தான், ஆண் வயதுக்கு வந்ததும் கூட்டத்தை விட்டு வெளியே போய்விடும் என்றேன்.

“அப்ப இதுகளும் எங்கட ஆக்கள்தான்” என்றார் அம்மா. பெரிய திருப்தி.


மூன்றாம் நாள், உகந்தை
(அங்கே சிக்னல் இல்லாததால் இதையும் நாலாம் நாளையும் வீட்டுக்கு வந்துதான் போடுகிறேன்.)

பாணமை தாண்டியதும் றோட்டு மண்ணாகிவிடும். இரண்டு பக்கமும் பற்றைக்காடு, பாலை, வீரை, இடைக்கிடை முதிரை. உகந்தை மலை முருகன் கோயில் காடும் கடலும் தொடுகிற இடத்தில், பாறைகளுக்கு நடுவில். அம்மாவின் நேர்த்தி காலையிலேயே முடிந்தது. வள்ளியம்மன் மலைக்கு ஏறவேண்டும் என்று அடம்பிடித்து, பாதி ஏறி, சுனையில் முகம் கழுவிவிட்டு, மீதியை முருகன் கணக்கில் எழுதிவிட்டு இறங்கினார்.

கடற்கரை மணலில்தான் இன்றைய பாடம் நடந்தது. இராவணன் மீசை தெரியும்தானே, மணல் திட்டுகளில் படர்ந்து ஊசி ஊசியாய் நிற்கிற புல். அதில் ஆண் வேறு, பெண் வேறு. பெண்ணில் விதை பழுத்ததும் அந்த முள்ளுப் பந்து முழுசாகக் கழன்று விழுந்து, காற்றில் கரை நீளத்துக்கு உருண்டு ஓடும். ஓடுகிற ஓட்டத்தில் விதை கொட்டும். நான் இதைச் சொல்லி முடிக்க முதல் ஒரு பந்து எங்களைத் தாண்டி ஓடியது. பிள்ளை பின்னால் ஓடினாள். கச்சான் காற்று அள்ளிக்கொண்டு போகிறது, இவளும் விடுவதாக இல்லை, கூப்பிடக் கூப்பிடக் கேட்காமல் அரை மைல் தூரத்துக்கு இரண்டு பேரும் ஓடியிருப்பார்கள். கையெல்லாம் முள்ளுக் குத்தித் திரும்பி வந்து சொன்னாள்: “மாமா, அது என்னை விடச் சுறுக்கா உலாத்துது.”

பக்கத்துப் பற்றையில் கொத்தான். மஞ்சளும் பச்சையுமாக நூடில்ஸ் அள்ளி எறிந்தது போலக் கிடக்கும். இலை என்று சொல்ல ஒன்றுமில்லை, நிலத்தோடு தொடர்பும் இல்லை, மற்றச் செடியில் உறிஞ்சியை ஊன்றிக் குடித்தே வாழ்கிறது. இதைப் பார்த்ததும் அவள் கேட்டது நல்ல கேள்வி. உலாத்திக் குட்டி மஞ்சள் என்றால், பெரிய உலாத்திக்குப் பச்சை எங்கிருந்து வருகிறது?

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடலில் ஒரு வகை நத்தைப்பூச்சி இருக்கிறது, ஓடு இல்லாதது, பாசியை உறிஞ்சித் தின்று அதிலிருக்கிற பச்சைய உருமணிகளை, அதாவது பச்சை நிறம் கொடுக்கிற சின்ன மணிகளை, மட்டும் சமிக்காமல் தன் உடம்புக்குள் வைத்துக்கொண்டு இலை மாதிரியே பச்சையாகத் திரியும். இலைப்பூச்சி வேறு விதம், குஞ்சு பொரிக்கும்போது சிவப்பாக இருக்கும், இலை தின்னத் தின்னப் பச்சையாகும். ஆகவே மூன்றாம் பருவத்தில் உலாத்தி மற்ற மரங்களின் பச்சையைக் களவெடுக்கிறது என்று முடிவாயிற்று. காரணமும் சுத்தமாக இருந்தது: சும்மா கிடைக்கிறதை ஏன் கஷ்டப்பட்டுச் செய்யவேண்டும். கீறத் தொடங்கிவிட்டாள்.

அம்மா சுவரில் சாய்ந்திருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “களவெடுத்துத் தின்னுதா? கொப்பில தொங்கேக்க தாய் ஒண்டும் குடுத்து விடலியா? வெறுங்கையோடயா பிள்ளையை இறக்கினவள்?”

“அம்மம்மா, அது கற்பனை.”

“கற்பனையெண்டாலும் தாய் தாய்தானே.”

எனக்குத் தர்க்கம் பண்ண வழியில்லை. அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

இரவு மடத்தில் படுத்திருந்தோம். லைற் வெளிச்சத்துக்குப் பூச்சி வந்து சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. அம்மா திடீரென்று எழும்பிக் குந்திக்கொண்டு, “மனே, ஈர்க்கு நடக்குதுடா” என்றார். நான் கனவு என்று நினைத்தேன். விரலைக் காட்டினார். உண்மையிலேயே சுவரில் ஒரு தென்னீர்க்கு ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தது. குச்சிப்பூச்சி. இருபது வருடமாக உயிரியல் படிப்பிக்கிற நான் பக்கத்தில் படுத்திருந்தும் காணவில்லை, புதுக் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

பிள்ளையை எழுப்பினோம். மூன்று பேரும் பாயில் இருந்து அரை மணித்தியாலம் அதையே பார்த்தோம். இந்தப் பூச்சி உடம்பில் மட்டும் செடி மாதிரி இல்லை, முட்டையும் விதை மாதிரித்தான். சில இனங்களின் முட்டையில் மூடி மாதிரி ஒரு கொழுப்புக் குமிழ் இருக்கும், எறும்பு அதைத் தின்னும் ஆசையில் முட்டையைப் புற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆமணக்கு விதையை எறும்பு இழுத்துப் போவதும் இதே போன்ற குமிழுக்காகத்தான். பல இனங்களில் ஆண் தேவையே இல்லை, தாய் தனியாகவே முட்டையிட்டுப் பெண் குஞ்சு பொரிப்பிக்கும். 2018இல் ஜப்பானில் இன்னொன்றும் பார்த்தார்கள். கொண்டைக்குருவி வகை ஒன்றுக்கு இந்த முட்டைகளைத் தின்னக் கொடுத்தபோது சில முட்டைகள் எச்சத்தில் உடையாமல் வந்தன, அதிலும் ஒன்றிரண்டு பொரித்தன. ஆலம்விதை பனைக்குப் போன மாதிரிப் பூச்சியும் குருவி வயிற்றில் ஏறி ஊர் மாறலாம்.

“மாமா, நான் என்ன நினைச்சாலும் முதலே ஒராள் செய்து வச்சிருக்கு” என்று சலித்துக்கொண்டாள். அழுகிற அளவுக்கு வந்துவிட்டது. நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போக, அம்மா முந்திக்கொண்டார்: “அதுகளுக்கு ஒரு ஒப்படை மட்டுமா இருந்தது? நீ படு.”


நாலாம் நாள், குமணை, திரும்ப வீடு

காலை ஐந்தரைக்கு ஜீப். வாசலில் ரிக்கற் எடுக்கவே நேரம் போய்விட்டது, ஜீப்புக்குப் பேசின காசு ஒன்று, கடைசியில் கேட்ட காசு ஒன்று, அதை எழுதி என்ன செய்ய. குமணை 1938இல் பறவைகள் சரணாலயமானது, முன்னர் யால கிழக்கு என்றிருந்த பூங்காவுக்கு 2006இல் குமணை என்றே பெயர் மாறியது. கூடு கட்டுகிற காலம் வைகாசி, ஆனி. நாங்கள் பிந்திவிட்டோம், இருந்தாலும் வில்லுவில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் போதுமான அளவு நின்றன. கும்புக்கன் ஆற்றுப் பக்கத்திலிருந்து தண்ணீர் வந்து போகிற சதுப்பு அது. கிண்ணை மரங்கள், சேற்றிலிருந்து ஆணி அடித்தாற்போல் நிமிர்ந்து நிற்கிற மூச்சுவேர்கள். பிள்ளை முதலையை மட்டும் எண்ணினாள்.

பாதையோரம் ஒரு பாலைக்குக் கீழே சாரதி நிறுத்தினார். கரடிச் சாணம், காய்ந்தது, முழுக்கப் பாலைவிதை. பாலைப்பழக் காலத்தில் கரடி மரத்தில் ஏறிக் கொப்பை முறித்துப் போட்டுத் தின்னும். சின்ன வயதில் உதடு ஒட்ட ஒட்டப் பாலைப்பழம் தின்ற கதையை அம்மா தொடங்கினார், அவருக்கும் சாரதிக்கும் ஒரு மொழியும் பொதுவாக இல்லை, ஆனால் பழம் பற்றி இரண்டு பேரும் பத்து நிமிடம் கதைத்தார்கள்.

இதற்கிடையில் பிள்ளை கொப்பியை மூடிவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். என்னவென்று கேட்டால், வாழ்க்கை வட்டம் என்றால் சுற்றி வந்து முடியவேண்டும், அதற்கு உலாத்தி சாகவேண்டும், தனக்கு அது விருப்பமில்லையாம். சாகாமல் விட்டால் என்ன என்று என்னிடமே கேட்கிறாள். ரீச்சர் ஏன் என்று கேட்பாரே என்றேன். சாகாததற்குத்தான் ஏன் எழுதவேண்டுமா, சாகிறதுக்கு ஒருத்தரும் ஏன் கேட்கமாட்டினமா என்று திருப்பிப் போட்டாள். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் மணி அடிக்கிற வரைக்கும் சமாளிக்கலாம். ஜீப்பில் மணி இல்லை.

பாலை மரத்திலிருந்து பழுத்த இலை ஒன்று அம்மாவின் மடியில் விழுந்தது. அம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். “காவோலை விழக் குருத்தோலை சிரிக்குமாம்” என்றார், யாருக்கும் குறிப்பாக இல்லாமல். பிறகு, “இதின்ட பச்சையெல்லாம் எங்க மனே போனது?” என்று கேட்டார்.

அம்மாவுக்கு இப்படிக் கேட்கிற பழக்கம் இருக்கிறது. இதுவும் சரியான கேள்விதான், ஏனென்றால் பச்சை சும்மா போவதில்லை. இலை விழ முதல் மரம் அந்தப் பச்சையத்தை உடைத்துக் கலைத்து, இலைக்குள் இருக்கிற நைதரசனைக் கழற்றி, உள்ளே இழுத்து எடுத்துக்கொள்ளும். மஞ்சள் முன்பும் அங்கே இருந்ததுதான், பச்சை போனபின் வெளியே தெரிகிறது. விழுவது வெறும் சக்கை. குருத்து சிரிக்கிறது என்றால் அந்தக் காவோலை விட்டுப்போன சொத்தில்தான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் முதல் நாள் கேள்வி எனக்கு உறைத்தது. என்ன குடி. நான் அதைப் பகிடி என்று நினைத்து நாலு நாளாகச் சுமந்திருக்கிறேன்.

1909இல் ஜேர்மனியில் கொறன்ஸ் என்ற தாவரவியலாளர் அந்திமந்தாரையை வைத்து ஒரு சோதனை செய்தார். எங்கள் கிணற்றடியில் நிற்கிறதே, பின்னேரம் பூக்கிறது, அதேதான். அதில் சில செடிகளில் ஒரு கொப்பு பச்சை, ஒரு கொப்பு வெள்ளை, ஒரு கொப்பு இரண்டும் கலந்து நிற்கும். எந்தக் கொப்பின் பூவில் விதை எடுத்தார் என்பதைப் பார்த்துத்தான் பிள்ளையின் நிறம் வந்தது. பச்சைக் கொப்பின் விதை பச்சை, வெள்ளைக் கொப்பின் விதை வெள்ளையாய் முளைத்துச் செத்தது, கலந்த கொப்பில் மூன்று விதமும் வந்தன. மகரந்தம் எந்தக் கொப்பிலிருந்து வந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை. ஏனென்றால் பச்சைய உருமணிகள் பூக்கிற செடிகளில் பெரும்பாலும் தாயின் சூல்முட்டைக்குள்தான் வருகின்றன. பைன் மாதிரி மரங்களில் தகப்பன் வழி. மற்றப்படி, கலத்தின் கருவில் இருப்பதில் தகப்பன் பாதி கொடுப்பார், பச்சையைத் தாய்தான் கொடுப்பாள்.

“அதைத்தானே நான் கேட்டன்” என்றார் அம்மா. “பைன் என்னவாம்?”

“அது மலைநாட்டு மரம் அம்மா.”

“அதுகளின்ட முறை அதுகளுக்கு.”

பிள்ளை கொப்பியைத் திறந்துவிட்டாள். மூன்றாம் பருவத்தில் இருந்த களவு முழுக்க அழிபட்டது, அழித்த இடம் கிழிந்தும்போயிற்று. ஜீப் குலுக்கலில் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தாய் உலாத்தி கொப்பில் பிள்ளைகளைத் தொங்கவிட்டு வளர்க்கும். இறக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுப் பச்சை கொடுத்துவிடும், அது மஞ்சளுக்குள் தெரியாமல் இருக்கும். பிள்ளை மழையில் ஊர்ந்து, வெயிலில் பொருக்காகிக் கிடந்து, பிடித்த இடம் கிடைத்ததும் நிற்கும். நின்ற பிறகுதான் அந்தச் சொட்டு பெருகும். ஆண் உலாத்தி நிற்காது, உருண்டுகொண்டே போய் வேறு குடியில் சேரும். தாய் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கக் கொடுக்க வெளிறி, கடைசிப் பிள்ளையை இறக்கிய அன்றைக்கு முழு மஞ்சளாகும். பிறகு?

“பிறகு அதுவும் திரும்ப உலாத்தப் போகலாம்தானே, மஞ்சள் ஆனவை எல்லாம் நடக்கும்” என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வெளியே மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுது என்று சொல்லிவிட்டேன். ரீச்சர் கேட்டால் நான் வந்து கதைக்கிறேன்.

திரும்பி வந்த பாதையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் நித்திரை. கல்லடிக்கு வர இரவு ஒன்பதாகிவிட்டது. பிள்ளை செருப்பைக் கழற்றாமல் வாளிக்கு ஓடினாள். கண்டல் இன்னும் படுத்தபடியே மிதக்கிறது, நிமிருகிற எண்ணமே இல்லை. நாலு நாள் காணாதாம். தண்ணீரை மாற்றிவிட்டு வந்து படுத்தாள்.

இன்று காலை முடித்த படத்தைக் காட்டினாள். வடிவாகத்தான் இருக்கிறது, வட்டம் கொஞ்சம் நசிந்திருக்கிறது. கால்கள் இல்லை. கண் மட்டும் அப்படியே ஒன்று. பக்கத்தில் காரணம் எழுதியிருந்தாள்: மற்றக் கண் இன்னும் ஒப்பரேசன் செய்யவில்லை. மேலே பெயர், வாழிடம், உணவு என்று கோடு போட்டு, நாலாவதாகக் குடி என்று ஒரு கோடு. அதில் எங்கள் குடியின் பெயர்.

அம்மா இரண்டு கையாலும் கொப்பியைத் தூரப் பிடித்து வாசித்தார். “எங்கட குடியையே போட்டுட்டாய். மறுகா உனக்கு மாப்பிள்ளை எடுக்கேக்க உலாத்திப் பகுதியிலயும் எடுக்க ஒண்ணா, தெரியுமா?”

“ஏன் அம்மம்மா?”

“காரணம் கீழே எழுது” என்றார்.